முட்டை அவிப்பது எப்படி? (கல்யாணமான பிரம்மச்சாரிகள் கவனிக்க)

"முட்டை அவிக்கறதைப் பத்தியெல்லாமா எழுதப் போறீங்க?" என்று தங்கமணி போனிலேயே சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கென்ன, பெண்ணோடு சென்னையில் இருக்கிறாள். பெண் ப்ளஸ் டூ. அதனால் பிரமோஷனோடு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தபோது நான் மட்டும் இரண்டு சூட்கேஸ், ஒரு இட்லிப் பானை சகிதம் வந்து இறங்கினேன். வங்கியில் இருப்பவர்களுக்கு இது தெரியும். வடகிழக்கு போஸ்டிங் என்பது சின்ன வயசில் அம்மை போடுகிற மாதிரி. எல்லாருக்கும் ஒரு தடவை வரும், வந்துவிட்டுப் போகும் என்று நம்ப வேண்டியதுதான்.

வந்தது ஜனவரியில். இட்லி மாவை ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் கரைத்தபடியே இருக்கிறது. பொங்குகிற வழியைக் காணோம். கம்பளிக்குள் சுற்றி வைத்தேன், அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன், ம்ஹூம். நாலாம் நாள் இட்லிப் பானையை மூட்டை கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டு முட்டைக்கு மாறினேன். முட்டை அவிக்க என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது? தண்ணீர், அடுப்பு, பத்து நிமிஷம். இப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாள், பத்து நிமிஷம். உடைத்தால் உள்ளே மஞ்சள் கொழகொழவென்று இருக்கிறது. இரண்டாம் நாள், வம்பே வேண்டாம் என்று இருபத்தைந்து நிமிஷம் விட்டேன். வெள்ளை ரப்பர் ஆகிவிட்டது, மஞ்சளைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். மூன்றாம் நாள் கொதிக்கிற தண்ணீரில் முட்டையைத் தொப்பென்று போட்டேன். விரிந்துபோய் பாதி முட்டை தண்ணீரில் மேகமாக மிதந்தது.

வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். இங்கே பெரியவர்களான பெண்களைக் 'காங்' என்று கூப்பிட வேண்டும், நம்ம ஊர் அக்கா மாதிரி. முட்டைக்கு இவர்கள் காசி மொழியில் 'பில்லெங்'. அந்தக் காலத்தில் காசி மக்கள் முட்டையைப் பலகை மேல் எறிந்து உடைத்து, ஓட்டுத் துண்டுகள் விழுந்த விதத்தை வைத்துச் சகுனம் பார்ப்பார்கள். "என் முட்டை மூணு நாளா இப்படி ஆகுது, இதுக்கு என்ன சகுனம்?" என்று என் ஓட்டை இந்தியில் கேட்டேன். காங் சிரித்துவிட்டு, "சகுனம் ஒண்ணும் இல்லை, சமைக்கத் தெரியலைன்னு அர்த்தம்" என்றார் :-)

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஏனென்றால் என் அம்மாவை விட அதிகம் முட்டை அவித்தவர் எனக்குத் தெரிந்து யாரும் கிடையாது.

துறையூர் பக்கம் எங்கள் ஊர். அம்மா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் வேலை பார்த்தவள். சத்துணவு 1982-லேயே வந்துவிட்டது. அதில் முட்டை சேர்ந்தது 1989-ல். அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கும். எங்களுக்கு அந்த நாள் தீபாவளி. முட்டை போடுகிற நாளில் யாருக்கும் காய்ச்சல் வராது, யாரும் மாடு மேய்க்கப் போக மாட்டார்கள். ஹாஜர் முழுசாக இருக்கும்.

பின்னால் அது வாரம் ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, 2010-லிருந்து வாரத்துக்கு 5 முட்டை. அம்மா ஓய்வு பெற்றது 2015-ல். பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? நூறு பிள்ளைகள், வருஷத்துக்கு 200 பள்ளி நாள் என்று போட்டால் வருஷத்துக்கு 20,000 முட்டை. கடைசி ஐந்து வருஷத்திலேயே ஒரு லட்சம் ஆயிற்று. முந்தின இருபது வருஷக் கணக்கு தனி.

அத்தனையும் விறகடுப்பில். சமையல் கொட்டகையில் கடிகாரம் கிடையாது. அம்மா கையிலும் கிடையாது. "அப்ப எப்படிம்மா நேரம் பார்த்த?" என்று கேட்டேன்.

"நேரமா? பக்கத்துல நாலாங்கிளாசுதானே. வாத்தியார் தெனம் வாய்ப்பாடு சொல்ல வைப்பாரு. அண்டாவுல முட்டையை அடுக்கி, பச்சைத் தண்ணிய ஊத்தி, ரெண்டு கை உப்பைப் போட்டு எரிய விடுவேன். தளதளன்னு கொதி வந்ததும் வெறகை வெளிய இழுத்துட்டு மூடிடுவேன். அந்நேரத்துக்குப் புள்ளைங்க ரெண்டாம் வாய்ப்பாடு ஆரம்பிக்கும். பன்னெண்டாம் வாய்ப்பாடு முடிஞ்சுச்சுன்னா முட்டை வெந்துருச்சுன்னு அர்த்தம். தண்ணிய வடிச்சுட்டுக் கெணத்துத் தண்ணிய ஊத்திர வேண்டியதுதான்."

போனை வைத்துவிட்டு மொபைலில் ஸ்டாப் வாட்ச் போட்டு நானே சொல்லிப் பார்த்தேன். ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு என்று தொடங்கி, ஒவ்வொன்றும் பதினாறு வரி, பன்னிரண்டு பதினாறு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரை. ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய அண்டா, நிறையக் கொதி தண்ணீர், மூடின மூடி. ஒன்பது நிமிஷம் கச்சிதமான கணக்கு!

அப்புறம் நானும் படித்துப் பார்த்து, தினமும் ஒன்றாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். என்னைப் போல டிரான்ஸ்பரில் தனியாக இருப்பவர்களுக்கு உதவும்.

1. ரொம்பப் புது முட்டை வேண்டாம். கோழி இட்டு ஒரு வாரம் ஆனது நல்லது. புது முட்டையில் வெள்ளைக்கரு ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். நாளாக ஆக உள்ளே இருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்ணிய துளைகள் வழியாக வெளியேறும், வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும், பிடி தளரும், தோல் சுலபமாக உரியும். வீட்டு நாட்டுக்கோழி முட்டை அன்றன்றைக்கு அவித்தால் பிய்ந்து பிய்ந்து வந்ததும், நாமக்கல்லில் இருந்து வந்து ஸ்டோர் ரூமில் கிடந்த பள்ளிக்கூட முட்டை வழவழவென்று உரிந்ததும் ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

2. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தால் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லிட்ட முட்டை கொதிநீரில் விழுந்தால், அகலமான முனையில் இருக்கும் காற்றுப் பை திடீரென்று விரிந்து ஓடு விரிசல் விடும். என் மூன்றாம் நாள் கதை அதுதான். தொப்பென்று போடாமல் கரண்டியில் வைத்து இறக்குங்கள்.

3. ஒன்று இரண்டு முட்டை என்றால் தண்ணீர் கொதித்த பிறகு போடுவது நல்லது. நேரமும் சரியாகக் கணக்கில் நிற்கும், தோலும் நன்றாக உரியும். நூறு முட்டை என்றால் அம்மா வழிதான். ஒவ்வொன்றாகக் கொதிநீரில் இறக்கினால் கடைசி முட்டை போவதற்குள் முதல் முட்டை வெந்திருக்கும்.

4. போட்டதும் தீயைக் குறையுங்கள், மெதுவாகக் கொதிக்கட்டும். சமவெளி ஊர்களில் 6, 7 நிமிஷத்தில் மஞ்சள் ஒழுகும் பதம். 8, 9-ல் அல்வா பதம். 11, 12-ல் முழுக்க வெந்துவிடும். அதற்கு மேல் போனால் வெள்ளையில் இருந்து வரும் கந்தகமும் மஞ்சளில் இருக்கும் இரும்பும் சேர்ந்து அந்தப் பச்சை வளையம் உண்டாகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

5. எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீர். தண்ணீரை வடித்துவிட்டுச் சும்மா வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிஷம் ஊறியதும் அகலமான முனையில் தட்டி, உருட்டி, அங்கிருந்தே உரிக்க ஆரம்பியுங்கள்.

இது எல்லா ஊருக்கும். மலை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஷில்லாங் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். ஆக இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஏறாது, கேஸ்தான் தீரும். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டினதும் உறைய ஆரம்பிக்கும், கெட்டியாக 80 வேண்டும். மஞ்சளுக்கு 70 போதும். ஆக 95 தாராளம், ஆனால் நேரம் கூடும். அறையிலேயே குளிர் என்றால் இன்னும் கொஞ்சம். என் முதல் நாள் முட்டை கொழகொழத்ததற்கு இதுதான் காரணம். அம்மாவின் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ஷில்லாங்குக்குப் பதினாலு வரை நீட்டியதும் சரியாகிவிட்டது. பதினாலு பதினாறு இருநூற்று இருபத்து நாலு, அடுப்பை அணை.

2025-ல் இத்தாலியில் சிலர் ஆராய்ச்சி செய்து, முட்டையை 100 டிகிரி தண்ணீரிலும் 30 டிகிரி தண்ணீரிலும் இரண்டிரண்டு நிமிஷம் மாற்றி மாற்றிப் போட்டு 32 நிமிஷம் அவித்தால் வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகச் சரியான பதத்துக்கு வரும் என்று கண்டுபிடித்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அந்நேரத்துல நான் சோறு வடிச்சு சாம்பாரும் எறக்கிருப்பேன்" என்றாள்.

நிற்க. முட்டை என்றதும் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது வேறு ஒன்று.

1990. நான் ஐந்தாம் வகுப்பு. முட்டை நாள். அமைப்பாளர் எண்ணிக் கொடுத்தது 138 முட்டை, ஹாஜரும் 138. வரிசையில் நான் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தேன். அம்மாதான் பரிமாறினாள். எனக்கு முன்னால் நின்றவனுக்கு முட்டை வைத்தாள். என் தட்டில் சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள். முட்டை வைக்கவில்லை. பின்னால் நின்றவனுக்கு வைத்தாள்.

மறந்துவிட்டாள் என்று அங்கேயே நின்றேன். "நவுரு தம்பி, பின்னாடி புள்ளைங்க நிக்குது" என்றாள்.

பதினாலு நாள் காத்திருந்த முட்டை. சோற்றை அப்படியே கொட்டிவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அவளாகவே சொன்னாள்: "தண்ணி வடிக்கறப்ப ஒண்ணு கை நழுவி சாக்கடையில விழுந்துருச்சு. ஒடைச்சது நான். கொறையறது நம்ம தட்டுலதானே கொறையணும்? அடுத்த புள்ளை தட்டுலயா?"

அந்த வயதில் அது நியாயமாகவே படவில்லை. சமையல்காரம்மா பிள்ளை என்றால் இரண்டு முட்டை கிடைக்கும் என்று மற்றவர்கள் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்க, எனக்கு ஒன்றுகூட இல்லையே! பல வருஷம் அதை மனதில் வைத்திருந்தேன்.

2004-ல் நான் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. ஒரு நாள் சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை. 1,000 ரூபாய் குறைகிறது. கட்டுகளைப் பிரித்துப் பிரித்து எண்ணினேன், வவுச்சர்களை மூன்று தடவை புரட்டினேன். யாருக்கோ கூடுதலாகக் கொடுத்துவிட்டேன், யாருக்கு என்று தெரியவில்லை. கேஷ் குறைந்தால் கேஷியர்தான் கட்ட வேண்டும், எங்கள் தொழிலில் அது எழுதின விதி. பையில் இருந்து எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் அந்தப் புளியமரம் ஞாபகம் வந்தது. எனக்கு யாரும் விதி எழுதிக் கொடுத்ததால் கட்டினேன். அம்மாவுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

இப்போது ஷில்லாங்குக்கு வருகிறேன். காங்குக்கு எண்பதைத் தாண்டின அம்மா ஒருவர் இருக்கிறார். கீழ்வீட்டில் அவர்களோடுதான். காசி மக்களிடம் குடும்பம் பெண் வழியாகத்தான் போகும், பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப்பெயர். கடைக்குட்டிப் பெண்ணுக்குத்தான் வீடு, பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் பொறுப்பும் அவளுக்கே. காங் கடைக்குட்டி. தினம் காலையில் அந்தப் பாட்டிக்கு வெயில் விழுகிற ஜன்னலோரம் நாற்காலி போட்டு, ஒரு முட்டையை உரித்து நாலாக நறுக்கி உப்புத் தூவிக் கொடுப்பார். நான் ஆபீஸ் கிளம்பும்போது படியில் இறங்கினால் தெரியும்.

ஒரு நாள் காங் கேட்டார்: "உங்க அம்மா யார்கூட இருக்காங்க?"

"தனியா" என்றேன். காங் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அதற்கு மேல் படி இறங்கக் கஷ்டமாக இருந்தது.

அம்மாவுக்கு 70 ஆகிறது. சென்னைக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். ஒரு தடவை வந்து பதினோரு நாள் இருந்தாள், மாடி வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று திரும்பிவிட்டாள். போன வருஷம் உடம்பில் சத்து இல்லை, தினம் ஒரு முட்டை சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "சாப்பிடறியாம்மா?" என்றால் "ம்" என்பாள். தங்கச்சியிடம் விசாரித்தால், வாங்கி வைத்த முட்டை அப்படியே இருக்கிறதாம். "ஒருத்திக்காக ஒரு அடுப்பா?" என்பாளாம்.

அதனால் ஒரு வேலை செய்தேன். "அம்மா, எனக்குப் பதம் பிடிபடலை. காலையில ஏழு மணிக்குப் போன் பண்றேன். நீயும் அங்க ஒண்ணு போடு. நீ எடுன்னு சொன்னா நான் எடுக்கறேன்" என்றேன். ஷில்லாங் தண்ணீருக்கும் துறையூர்த் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு என்று அதற்கு முந்தின வாரம்தான் அவளிடம் பெரிசாக விளக்கியிருந்தேன். அவளுக்கா புரியாது? ஆனாலும் "சரி, போடு" என்றாள்.

மூன்று மாசமாக நடக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இங்கே நான் ஒன்று, அங்கே அவள் ஒன்று. இதற்கு முன்னால் நாங்கள் போனில் பேசுவது ஒன்றரை நிமிஷம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், சரி வைக்கட்டா. முட்டை வேக வேண்டும் என்றால் வைக்க முடியாதே! பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பத்துப் பதினோரு நிமிஷத்தில்தான், அப்பா போன வருஷம் அவள் யாரிடம் கடன் வாங்கி என்னை முசிறியில் காலேஜ் சேர்த்தாள் என்பதும், 2004-ல் நான் கட்டின ஆயிரம் ரூபாயைத் தங்கமணி அப்போதே அவளிடம் சொல்லிவிட்டாள் என்பதும் தெரிந்தது.

போன வாரம் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்கு உன் பங்கு முட்டையை எனக்குக் குடுத்திருக்கலாம்ல?"

"எனக்கேதுடா பங்கு? அது புள்ளைங்களுக்கு வர்றது."

"இத்தனை வருஷத்துல ஒண்ணுகூட சாப்பிட்டதில்லையா?"

"அந்த அண்டாவுலேருந்தா? இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கொதிச்சுப் போச்சா உனக்கு? பேசிக்கிட்டே விட்டுறாத" என்றாள்.

அந்தப் பக்கம் முட்டையைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. உரித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வைக்கவில்லை.

தினம் ஏழு மணிக்குப் போன் செய்வதால் காங்கின் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். மாற்றல் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. திருச்சி வட்டாரத்துக்குக் கேட்டு எழுதப் போகிறேன். கிடைக்கிறதோ இல்லையோ.

அதுவரை, ஊரை விட்டுத் தூரத்தில் இருக்கிற மக்களே, காலையில் முட்டை வைக்கும்போது போனையும் கையில் எடுங்கள். சமவெளி என்றால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. மலை என்றால் பதினாலு.